கிராணி இராயப்பனின் கைலி நடை

இராயப்பனுக்கு வாய் என்று ஒன்று இருப்பது, அவர் சாப்பிடும்போதுதான் பினாங்கின் சூலியா தெருவுக்குத் தெரியும். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா வேலை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, எண்ணெய் வைத்து நடுவகிடு எடுத்த தலை. ஆள் தங்கமானவர்தான். ஆனால் தன்னைப் பற்றி எதையும் யாரிடமும் சொல்லமாட்டார். காய்ச்சல் வந்தாலும் சொல்லமாட்டார், சம்பளம் கூடினாலும் சொல்லமாட்டார். முகம்மது கனியின் சாப்பாட்டுக் கடை மாடியில் வருஷக்கணக்காகக் குடியிருந்தார். மூன்று வேளையும் கனி கையால்தான் சோறு. அந்தக் கனியிடம்கூட, நாற்பதை நெருங்கும் வயதில் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

பெண்ணின் பெயர் தெரேசா. பினாங்கு ரோட்டுப் பக்கம் வாசல் அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த விதவை. முதல் புருஷன் கட்டி ஒரு வருஷத்துக்குள் காச நோயில் போய்விட்டான். கத்தோலிக்கக் கோயிலின் பீடத் துணியும் அவள்தான் தைப்பாள், சூலியா தெரு முஸ்லிம் வீடுகளின் ரவிக்கையும் அவள்தான் தைப்பாள். இராயப்பன் ஒரு நாள் சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுத்தார். அதன்பின் அவருடைய சட்டைகளிலிருந்து பொத்தான்கள் ஏனோ அடிக்கடி விழத் தொடங்கின. மற்றவர் துணியோடு கலந்துவிடாமல் இருக்க, அவர் சட்டைக் கழுத்தின் உள்பக்கம் தெரேசா நீல நூலால் சின்னதாக ஒரு குறுக்குத் தையல் போட்டு வைத்தாள். கடைசியில் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு அவளே கேட்டாள்.

"இப்படிப் பிடுங்கிக்கிட்டே இருந்தா சட்டை கிழிஞ்சிரும். வேற ஏதாச்சும் சொல்ல இருந்தா சொல்லுங்க."

சொன்னார். அவர் வாழ்க்கையில் தன்னைப் பற்றி வாயைத் திறந்து சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். விபூதிப் புதன் வந்து தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது; அதற்கு முந்திய வாரம் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. கல்யாண ஓலையை ஞாயிறு பூசையில் மூன்று தடவை வாசிக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசித்தபோது ஆட்சேபம் சொல்ல எவருமில்லை. ஆட்சேபம் இராயப்பனுக்குள்ளேயே, கால்சட்டைக்குள் இருந்தது.

மரு. கழுத்தில் வந்தால் காட்டலாம், விரலில் வந்தால் காட்டலாம். இது வந்திருந்த இடம் மறைவிடம். முதலில் ஒன்று, பிறகு அதற்குத் துணையாக இன்னும் சில, பூக்கோசு மாதிரி சேர்ந்து நின்றன. எப்படி வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். போன வருஷம் கிடங்கு நண்பன் ஒருவன் ஊருக்குக் கப்பலேறிய நாளில் விருந்து நடந்தது. விருந்துக்குப் பிறகு நான்கைந்து பேராகச் சிரித்துக்கொண்டே ஒரு சந்துக்குள் போனார்கள். அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுச் சொல்லி, இராயப்பன் மன்னிப்பும் வாங்கிவிட்டார். அந்தச் சேதி மருவுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மரு உதிர உப்பும் மிளகும் காணிக்கை போடுவது வழக்கம் என்று அந்தோணியார் சுரூபத்தின் அடியில் ஒரு பொட்டலம் வைத்தார். எந்த இடத்து மரு என்பதை அங்கேயும் சொல்லவில்லை. அந்தோணியார் என்ன செய்வார்? பிறகு கனியின் வெற்றிலைத் தட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தடவிப் பார்த்தார். அவர் போட்ட அலறலில் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். கனி படியேறி வந்து என்னவென்று கேட்டதற்கு, பூரான் என்றார். கனி பாவம், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் பூரானைத் தேடினார்.

முதல் ஓலை வாசித்த மறுநாள், தமிழர் எவரும் போகாத சீனர் தெருவாகப் பார்த்து, கோ என்ற டாக்டரிடம் இராயப்பன் போனார். சீனப் பெருநாளுக்குக் கிடங்கு மூடப்போகிற சமயம்; லீவு கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. இருவரும் மலாயில் பேசினார்கள். மலாயில் பேசும்போது வெட்கம் பாதிதான் வருகிறது என்பதை இராயப்பன் அன்று கண்டுபிடித்தார். டாக்டர் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. இதற்காகத் தன்னிடம் வராத ஜாதி இந்தத் தீவில் இல்லை என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரத்தில் சிவக்கக் காய்ந்த கம்பியால் ஒவ்வொன்றாகச் சுட்டார். வலி அவ்வளவாக இல்லை. நாற்றம்தான் தாங்கவில்லை, வறுபடுவது நாம்தான் என்று தெரிந்தபின் மூக்கிடமிருந்து அதை எப்படி மறைப்பது?

டாக்டர் சொன்ன புத்திமதிகள் எளிமையானவை. கால்சட்டை கூடாது, தளர்ந்த கைலிதான். காலையும் மாலையும் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வேண்டும். ஒற்றித் துடைத்துக் களிம்பு போட வேண்டும், பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மறுபடி தலைகாட்டினாலும் காட்டும், வந்து காட்ட வேண்டும். கடைசியாக ஒன்று: இது ஒட்டக்கூடியது, புண் ஆறி, நான் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பெண்சாதியிடம் போகக் கூடாது. எனக்குப் பெண்சாதி இல்லை என்றார் இராயப்பன். அப்படியானால் கல்யாணமும் கூடாது என்றார் டாக்டர். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்ட நம் கிராணியின் காது அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் மந்தமாகிவிட்டது. கல்யாணத்துக்குள் ஆறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வரும் வழியில் ஊசியின் மரப்பு விட்டது. ஜார்ஜ் டவுன் ரோட்டில் எத்தனை குழி உண்டோ அத்தனையும் அன்று அவருக்கு அறிமுகமாயின.

மறுநாள் காலை மாடிப்படியில் அவர் இறங்கி வந்த அழகைக் கனி பார்த்தார். இரண்டு விரலால் கைலியின் முன்பக்கத்தைப் பிடித்து உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி, ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். கனி மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவர், மூன்றுக்கும் சுன்னத்து செய்து வைத்தவர். அந்த நடையையும் அந்த இரண்டு விரலையும் கண்ட பிறகு சூலியா தெருவில் யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது. கனியின் கண் நிறைந்துவிட்டது.

"ஏன் தம்பி, ஒடம்பு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ஒரு கட்டி."

கட்டி வந்தவன் நடை எப்படி இருக்கும் என்று கனிக்குத் தெரியாதா? வெட்கப்படுகிறார், அவரே சொல்கிறவரை நாமாகக் கேட்கக்கூடாது என்று கனி முடிவு செய்தார். அடுக்களைக்குப் போய் மனைவி நூர்ஜானிடம் மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்று. பக்கத்துக் கடைக்காரரிடம் மட்டும் சொன்னார், அவரிடமும் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்படி ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டதில், கிராணி இஸ்லாத்துக்கு வருகிறார் என்ற இரகசியத்தை அந்தி பாங்கு சொல்வதற்குள் தெருவே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இராயப்பனின் சாப்பாடு மாறியது. இறால் இல்லை, கத்தரிக்காய் இல்லை, கருவாடு இல்லை, புண்ணுக்கு ஆகாது. அதற்குப் பதிலாக மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி ஆணமும் நெய் விட்ட சோறும் மாடிக்கே வந்தன; குழம்பைத்தான் கனி வீட்டில் ஆணம் என்பார்கள். படி இறங்க வேண்டாம் என்றார்கள். அப்படியும் இறங்கினால், பழக்கமில்லாதவர்கள்கூட அவரைப் பார்த்துச் சலாம் சொன்னார்கள். கிழவர் ஒருவர் கையைப் பிடித்து, பயப்படாதே, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள், பெரிய காரியம் செய்திருக்கிறாய் என்றார். கட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று இராயப்பன் யோசித்தார்தான். ஆனால் கோழி ஆணம் சூடாக இருந்தது. காரணம் கேட்கப் போய் அது நின்றுவிட்டால்? தெருக்கோடியில் சீனப் பெருநாள் வெடி வெடிக்கும்போது மட்டும் துள்ளிவிழுந்து, புண் இழுத்து, கண்ணில் தண்ணீர் வர நின்றார். அதையும் பார்த்தவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு, வேட்டியை முன்னால் தூக்கிப் பிடித்தபடி கோயிலில் கடைசித் தூணோரம் நின்று இரண்டாவது ஓலையையும் கேட்டார். டாக்டரின் கடைசிச் சொல் காதில் வந்து நின்றது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்து நடந்ததைப் பின்னால் தெரேசா சொல்லித்தான் இராயப்பனுக்குத் தெரியும். மூன்றாவது ஓலைக்கு முந்திய வாரம் நூர்ஜான் அவளிடம் வெள்ளை மல்துணியோடு வந்தாள். அளவுக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்திருந்தாள். சலவைக்காரன் கடையில் வைத்துவிட்டுப் போன மூட்டையிலிருந்து எடுத்தது.

"தங்கச்சி, ஒரு ஜிப்பா தைச்சுத் தரணும்லா. வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போட்டுட்டுப் போக."

"யாருக்கு அக்கா?"

"எங்க மாடியில ஒரு கிராணி இருக்காரு, வாயே தொறக்க மாட்டாரு. நம்ம மார்க்கத்துக்கு வர்றாரு. இந்த வயசுல சுன்னத்தும் செஞ்சுக்கிட்டாரு, கைலியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நடக்குறதப் பாத்தா பாவமா இருக்கு. ஏதாச்சும் பொண்ணு விசயமா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. எவளோ குடுத்து வச்சவ."

தெரேசா சட்டையைத் திருப்பினாள். கழுத்தின் உள்பக்கம் நீல நூல் குறுக்குத் தையல் இருந்தது. தைத்துத் தருகிறேன் அக்கா என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே உட்கார்ந்து தைத்தாள். அழுதாளா என்று கேட்டால் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தையல் மட்டும் ஒரு நூல் கோணவில்லை.

மறுநாள் பகலில், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், பொட்டலத்தோடு அவளே வந்தாள். தைத்த துணி கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் கனி படியைக் காட்டினார். இராயப்பன் அப்போதுதான் உப்புத் தண்ணீரிலிருந்து எழுந்து, சன்னல் காற்றில் நின்றுகொண்டிருந்தார். தெரேசாவைக் கண்டதும் கைலியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, உடனே வலியில் மறுபடி பிடித்தார்.

"உக்காருங்க தெரேசா."

"நீங்க உக்காருங்க."

"நான் நிக்கிறேன்."

அவள் பொட்டலத்தைப் பிரித்து ஜிப்பாவைக் கட்டிலில் விரித்தாள். "வெள்ளிக்கெழம தொழுகைக்கு. அளவு சரியாத்தான் இருக்கும். உங்க மனசு எந்தச் சாமிகிட்டப் போகுதோ போகட்டும், அது உங்க பாடு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு ஓல வாசிச்சாச்சு."

ஜிப்பா, சலாம், கிழவரின் கை, கோழி ஆணம் எல்லாம் ஒரே நேரத்தில் இராயப்பனுக்குப் புரிந்தன. சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அய்யோ, அதெல்லாம் இல்ல. இது கட்டி."

"எங்க கட்டி?"

"அங்கதான்."

"கட்டின்னா பத்துப் போடுவாங்க. ஜிப்பா தைக்கச் சொல்ல மாட்டாங்க." தெரேசா படிப்பக்கம் திரும்பினாள். அவள் கால் முதல் படியில் பட்டுவிட்டது. இன்னும் இரண்டு படி இறங்கினால் இந்த வாழ்க்கையில் மறுபடி இந்த மாடிக்கு வரமாட்டாள் என்பது இராயப்பனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"மரு," என்றார். "மறைவிடத்துல. டாக்டர் சுட்டு எடுத்தாரு."

அவள் நின்றாள். மீதியையும் சொன்னார்: விருந்து, சந்து, உப்பு மிளகு, சுண்ணாம்பு, பூரான், கம்பி, நாற்றம். வருஷக்கணக்காக மூடியிருந்த வாய் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. தெரேசா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒட்டும்னாரு. ஆறுறவரைக்கும் கல்யாணம் கூடாதுன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"சுட்ட அன்னைக்கே."

"அப்ப ரெண்டாவது ஓல வாசிக்கிறப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்டச் சொல்லாமலே கட்டியிருப்பீங்க?"

இல்லை என்று சொல்லவேண்டும் என்று அவர் வாய் துடித்தது. சின்னப் பொய்தான், அவளும் நம்பியிருப்பாள். "கட்டியிருப்பேன்," என்றார். "சொன்னா வேணாம்னு போயிருவீங்களோன்னு பயம்."

தெரேசா ஜிப்பாவின் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவருக்கும் பயந்தான். எங்க வீட்டுக்காரருக்கு. கல்யாணத்துக்கு முந்தியே இருமல்ல ரத்தம் வந்திருக்கு. கைக்குட்டைய ஒளிச்சு வச்சு அவரே தொவைப்பாரு. நான் என்னமோ புருசன் துணி தொவைக்கிறாரு, குடுத்து வச்சவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். டாக்டருகிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன், கஞ்சி வச்சுக் குடுத்திருப்பேன். எனக்குத் தெரிய வந்தப்ப அவருக்குப் பேசுறதுக்கே மூச்சு இல்ல."

அவள் ஜிப்பாவை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இராயப்பன் அன்று கோழி ஆணத்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே தூணோரம் நின்றார். சாமியார் கல்யாண ஓலைகளை வாசித்தார். ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி. அவ்வளவுதான். இராயப்பன், தெரேசா என்ற பெயர்கள் வரவில்லை. போய்விட்டது என்று இராயப்பன் நினைத்துக்கொண்டார். தூணைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் உபதேசியார் பிச்சைமுத்து சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார்.

"என்னப்பா கிராணி, நீ கட்டிக்கப் போறது தையக்காரிதானே? அவளுக்கு அவளோட கல்யாண ரவிக்கைய இன்னும் தைச்சு முடிக்க முடியலையாம்! சாமிகிட்ட வந்து, ஈஸ்டருக்கு அப்புறம் வச்சுக்கலாம் சாமி, மூணாவது ஓலையும் அப்ப வாசிங்கன்னு கேட்டுட்டுப் போயிருக்கா. கோயிலே சிரிக்குது போ."

கோயில் சிரிக்கத்தான் செய்தது. வாசலில் பெண்கள் தெரேசாவைச் சுற்றிக்கொண்டு, எங்கள் ரவிக்கையெல்லாம் மூன்று நாளில் தருவாயே, உன்னுடையதற்கு மட்டும் தபசு காலம் முழுக்க வேண்டுமா, அப்படி என்ன வேலைப்பாடு என்று கிண்டலடித்தார்கள். கை ஓடவில்லை என்று சொல்லி அவளும் தலைகுனிந்து சிரித்தாள். ஊசியில் அவளுக்கு இருந்த நல்ல பெயரை எடுத்து அவருடைய கைலிமேல் போர்த்தியிருந்தாள். இராயப்பன் வேட்டியைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். கூட்டம் கலைந்து அவரைக் கடந்து போகையில், முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு உப்புத் தண்ணியில உக்காந்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"போய் உக்காருங்க. டாக்டருகிட்டப் போறப்ப நானும் வருவேன். அவரு சொல்றத எங்காதால கேக்கணும்."

அன்றைக்கே கனியிடமும் போய் நடந்ததைச் சொன்னார். ஒருமுறை திறந்த வாய்க்கு இரண்டாம் முறை அவ்வளவு சிரமமாக இல்லை. கனி மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் வாடியதை மறைக்க முடியவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. அவ்வளவு கோழி ஆணமும்..."

"அட, நான் புண்ணுக்குத்தானே போட்டேன் தம்பி, மார்க்கத்துக்கா போட்டேன்? ஆறுறவரைக்கும் தின்னு." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த டாக்டரு எந்தத் தெருவுல இருக்காரு? எனக்கில்ல. ஒருத்தருக்கு."

அந்த ஒருத்தருக்காக அதன்பின் படியேறி வந்து கேட்டுப் போனவர்கள் பலர். பக்கத்துக் கடைக்காரரும் கேட்டார், பெரிய காரியம் என்று கையைப் பிடித்த கிழவரும் ஒருத்தருக்காகக் கேட்டார். இராயப்பன் எல்லோருக்கும் தெருவைச் சொன்னார், உப்புத் தண்ணீரைச் சொன்னார், சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னார்.

மரு ஒன்று திரும்பவும் தலைகாட்டியது. டாக்டர் கோ மருந்து தொட்டு வைத்து அதையும் முடித்தார். தெரேசா வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கதவைத் திறந்து டாக்டர் சரியாகிவிட்டது என்றபோது, நிஜமாகவா என்று மலாயில் அவள்தான் கேட்டாள். ஈஸ்டர் முடிந்து மூன்றாவது ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை போட்டிருந்த சட்டை, ஜிப்பாவைக் குறைத்து வெட்டித் தைத்தது. கழுத்தின் உள்ளே நீல நூல் இருந்தது. தன் துணியை நூர்ஜான் அடையாளம் கண்டுகொண்டு, குடுத்து வச்சவ நீதானா என்று தெரேசாவின் கன்னத்தைக் கிள்ளினாள். பிரியாணி கனியுடையது. பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணின் ரவிக்கையை உற்று உற்றுப் பார்த்தார்கள். சாதாரண ரவிக்கை. இதற்கா இத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டார்கள். இராயப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெரேசா அவர் விரலை அழுத்திப் பிடித்துவிட்டாள்.

அதன்பின் இராயப்பன் வாயைத் திறக்காத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. வயிறு பொருமினால் சொன்னார், பல் கூசினால் சொன்னார், சில நாட்களில் தெரேசாவே போதும் என்று சொல்லும் அளவுக்குச் சொன்னார். கிடங்கில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் இறக்கும் நாட்களில் அவருக்கு இருமல் வரும். வேலை விட்டு வருகிற வழியில் இருமிவிட்டால், வீடு இன்னும் சற்றுத் தள்ளி இருக்கும்போதே, உள்ளே தையல் மெஷின் சத்தம் சட்டென்று நிற்பது அவருக்குக் கேட்கும். உடனே நடுரோடு என்றும் பார்க்காமல், இருமிய கைக்குட்டையை விரித்து உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டு குரல் கொடுப்பார்.

"தூசிதான் தெரேசா! வெறும் தூசிதான்!"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்.